பின்கதவின் வெள்ளை

அன்று அந்தக் கடையில் இருந்தவர்கள்: நான். என் மனைவி போயங். அவள் தம்பி கிதே, எங்களுக்கு வண்டி விற்றவன். என் மாமியார். கார்க் கண்ணாடிகளுக்குக் கறுப்புத் தாள் ஒட்டும் கடை முதலாளி தாக். வேகவைத்த ஒரு பன்றித் தலை, புது வண்டிப் படையலுக்காக மாமியார் சந்தையில் சிரித்த முகமாகப் பார்த்துப் பொறுக்கி வாங்கி வந்தது. நடுவில் வண்டி. இத்தனை பேரில் சிரித்துக்கொண்டிருந்தது பன்றி மட்டும்தான்.

வண்டி வெள்ளை. முத்துபோல் மினுங்கும் வெள்ளை. லாரியிலிருந்து இறங்கியதும் நேராக இங்கேதான் வந்தது என்று கிதே சொல்லியிருந்தான். பூச்சொன் தொழிற்பேட்டையின் பின்தெருவில் தாக்கின் கடை. தாள் ஒட்டுவதற்கு முன்னால், வாங்கியவன் வந்து விளக்கடித்துப் பார்ப்பான். பிடித்திருந்தால் சரி என்பான். விற்றவன் பதிவு அலுவலகத்துக்கு ஓடிப்போய் நம்பர் பலகையோடு திரும்புவான். அந்தச் சரியைச் சொல்லும்வரை வண்டி கம்பெனியுடையது, வேண்டாம் என்று திருப்பலாம். சொல்லிவிட்டால் பிறகு எந்தக் குறைக்கும் பாலிஷ் போட்டுத் தருகிறோம் என்பார்கள். அத்தோடு முடிந்தது.

நான் இன்னும் சொல்லவில்லை.

“மாமா, சாயந்திரம் ஆனா அங்க கூட்டம் சேர்ந்துடும். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் கெளம்புறேன்” என்றான் கிதே.

நான் இடப்பக்கப் பின்கதவின் முன்னால் குந்தியிருந்தேன். தாக்கின் கைவிளக்கை நேராகக் காட்டியபோது ஒன்றும் தெரியவில்லை. சாய்த்துப் பிடித்ததும் கதவு முழுக்க மணல் மணலாகத் தெரிந்தது. ரவையைத் தூவி அதன்மேல் வார்னிஷ் அடித்ததுபோல. கைப்பிடிக்குக் கீழே பெயிண்ட் வழிந்து, மெழுகுவர்த்தியில் சொட்டு உறைந்ததுபோல் நின்றிருந்தது. முன்கதவும் வெள்ளை, பின்கதவும் வெள்ளை. ஆனால் ஒன்று கறந்த பால், மற்றது நேற்றைய பால்.

“என்னடா இது?”

“எது மாமா?”

“இது.”

கிதே குனிந்தான். டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சாவு வீட்டில் எட்டிப் பார்க்கிறவன்போல் பார்த்தான்.

“தூசி மாமா. ஃபேக்டரில பெயிண்ட் அடிக்கிறப்போ விழும். எல்லா வண்டிலயும் இருக்கும்.”

“முன்கதவுல இல்லையே.”

“அங்க விழல. அதான் குலுக்கல்ங்கிறது. புது வண்டி வாங்குறது சீட்டு எடுக்கிற மாதிரி மாமா. ஒருத்தனுக்கு இன்ஜின் உறுமும், ஒருத்தனுக்கு மழைல ஒழுகும். உங்களுக்கு நாலு தூசி. நல்ல சீட்டுதான் எடுத்திருக்கீங்க.”

“எடுத்தது நீ. நான் பணம்தான் கட்டினேன்.”

தாக் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு காலி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் பெயிண்டின் கனத்தை அளக்கும் சின்னக் கருவி ஒன்று உண்டு. கதவில் வைத்தால் எண்ணைக் காட்டிவிடும்.

“முதலாளி, அந்த மிஷினக் கொஞ்சம் எடுங்க.”

“பேட்டரி போச்சு சார்.”

“இப்பதானே அந்தக் கறுப்பு வண்டிக்கு வச்சுப் பாத்தீங்க?”

“அதுலதான் போச்சு.”

அவர் கடைக்கு வரும் வண்டிகளில் பாதி கிதே அனுப்புவது. பேட்டரி போகத்தான் செய்யும்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. புது வண்டி. கல்யாணம் ஆனதிலிருந்து அந்த வீட்டில் எனக்குக் கிடைத்ததெல்லாம் கிதே கழித்தது. அவன் போட்டுச் சலித்த கோட்டு, அவன் மாற்றிய பழைய போன், அவன் வேண்டாம் என்ற பிரிட்ஜ். கொடுக்கும்போது மாமியார் ஒவ்வொரு தடவையும் சொல்வார், “புதுசு மாதிரியே இருக்கு பாருங்க மாப்ள.” பார்சல் கிடங்கில் இரவெல்லாம் பெட்டி பிரித்துச் சம்பாதித்த காசில் இதையாவது புதுசு மாதிரி இல்லாமல் புதுசாக வாங்க நினைத்தேன். வேறு கடைக்குப் போகலாம் என்றபோது போயங்தான் தடுத்தாள். தம்பி கார் விற்கும்போது வெளியே வாங்கினால் அம்மா ஜென்மத்துக்கும் பேசமாட்டாள் என்றாள். அது எனக்கு நஷ்டமா என்று யோசித்தேன். யோசித்ததோடு சரி.

“நான் இத எடுக்கல” என்றேன்.

“மாமா, வெளையாடாதீங்க.”

“இதத் திருப்பி அனுப்பு. வேற வண்டி வரட்டும், காத்திருக்கேன்.”

கிதே என் முழங்கையைப் பிடித்து, காபி மிஷின் இருந்த மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனான். காகிதக் கோப்பையில் காபி பிடித்து என் கையில் திணித்தான். குரலைத் தாழ்த்தினான்.

“இந்த வருஷம் ஏற்கெனவே எனக்கு ரெண்டு வண்டி கொறைன்னு திரும்பிடுச்சு. மூணாவது திரும்பினா கிளைக்கே வர வேணாம்னுட்டார் மேலாளர். அவர் சொன்னா சொன்னதுதான். என்னை வீட்டுக்கு அனுப்பிடுவார் மாமா. உங்களுக்குப் புரியுதா?”

“ஃபேக்டரித் தூசிக்கு உன்ன எதுக்கு அனுப்பணும்?”

“கேக்கமாட்டாங்க. கொறைன்னு திரும்பினா விக்கிறவன் தப்புதான்.”

“அப்ப என்னை எதுக்கு வெளக்கடிச்சுப் பாக்கச் சொன்ன?”

“நான் எங்க சொன்னேன்? நீங்களாத்தான் எடுத்தீங்க. சொந்தக்கார வண்டிய எவனாவது வெளக்கடிச்சுப் பாப்பானா?”

அதைச் சொல்லிவிட்டு அவனே வாயை மூடிக்கொண்டான். எனக்கு அப்போது அந்தப் பேச்சு பிடிபடவில்லை.

மாமியாரை அவன்தான் போன் செய்து வரவழைத்திருந்தான். அவர் வண்டிக்கு முன்னால் மடக்கு மேசையை விரித்து, பன்றித் தலை, சிவப்புப் பயறு தூவிய அரிசி கேக், மக்கொல்லி என்ற அரிசிக் கள் பாட்டில்கள், வண்டிக்குக் காவலாக வைக்கும் வெள்ளை நூல் சுற்றிய முழுக் கருவாடு என்று வரிசையாக வைத்து முடித்திருந்தார். பன்றியின் வாயில் நோட்டுகளைச் சுருட்டிச் செருகினார். புது வண்டிக்குப் படையல் போட்டுவிட்டால் பிறகு அதைத் திருப்புவது வீட்டுக்கு ஆகாது. அது எனக்குத் தெரியும். கிதேக்கும் தெரியும்.

“மாப்ள, வந்து விழுந்து கும்பிடுங்க.”

“வண்டி இன்னும் நம்மளது இல்ல அத்தை.”

“நாலு தூசிக்கா இந்தப் பாடு? வண்டிய என்ன அழகிப் போட்டிக்கா அனுப்பப் போறீங்க? கிடங்கு வாசல்ல நிக்கப்போற வண்டி.”

“எங்க நின்னா என்ன?”

“காலேஜப் பாதில விட்டீங்க. அதுக்கப்புறம் எதத் தொட்டாலும் பாதிலயே விடுறீங்க. இதயாவது முழுசா முடிங்க.”

போயங் கைப்பையை மார்போடு கட்டிக்கொண்டு நின்றாள். “ஏங்க, எல்லாரும் பாக்கிறாங்க” என்றாள். எல்லாரும் என்றால் தாக் ஒருவர்தான். அவர் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பாக்கட்டும். வந்து கதவப் பாரு நீயும்.”

அவள் வந்தாள். பார்த்தாள். அவள் கண்ணில் அது பட்டது. பட்டதை நான் பார்த்தேன். விரலால் அந்த உறைந்த சொட்டைத் தொட்டுவிட்டுக் கையைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“எனக்கு ஒண்ணும் தெரியல” என்றாள்.

அதற்குள் மாமியார் ஒரு பாட்டிலைத் திறந்து முன்சக்கரத்தில் ஊற்ற ஆரம்பித்திருந்தார். மக்கொல்லி டயரில் வழிந்து சிமெண்ட்டுத் தரையில் ஓடியது. நான் ஓடிப்போய்ப் பாட்டிலைப் பிடித்தேன். அவர் விடவில்லை. நானும் விடவில்லை. இரண்டு பேரும் பன்றிக்கு முன்னால் நின்று ஒரு பாட்டிலை இழுத்தோம். பாதி அவர் செருப்பில் கொட்டியது.

“கையப் பிடிக்கிறீங்களா? மாமியா கைய?”

“பாட்டிலப் பிடிச்சேன்.”

“போயங், பாத்தியாடி? இந்த மனுஷன நல்லவன்னு சொன்னியே?”

“அம்மா, நான் எப்பச் சொன்னேன்?” என்றாள் போயங். நியாயமான கேள்வி. அவள் சொன்னதாக எனக்கும் நினைவில்லை.

கிதே நடுவில் புகுந்தான். அவனுக்கு இப்போது தெம்பு வந்துவிட்டது. ஒரு சக்கரத்தில் ஊற்றியாயிற்று.

“ஆச்சு மாமா. அம்மா தொடங்கிட்டாங்க, பாதில நிறுத்தினா குத்தம். கதவத் தனியா பாலிஷ் பண்ணித் தர்றேன், என் பொறுப்பு. அம்மா, நீ கருவாட்ட வை. பானெட்டு சூடாகும், அங்க வேணாம். டிக்கில வை.”

மாமியார் கருவாட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பின்பக்கம் போனார். கிதே டிக்கியைத் திறந்துவிட்டான். உள்ளே பிளாஸ்டிக் உறை பிரிக்காத புது விரிப்பு. அவர் எதையும் கண்ணுக்குத் தெரியும்படி வைப்பவர் அல்ல. காவலுக்கு வைப்பது வெளியே தெரிந்தால் காவலாகாது என்பார். விரிப்பைச் சுருட்டினார். அடியில் இருந்த பலகையைத் தூக்கினார்.

தூக்கியவர் அப்படியே நின்றார்.

“மாப்ள” என்றார். குரல் மாறியிருந்தது. “உங்கம்மா முன்னாடியே வந்து வச்சுட்டாங்களா?”

“எங்கம்மா சர்ச்சுக்குப் போறவங்க. கருவாட்டக் கண்டா குழம்பு வைப்பாங்க, கும்பிட மாட்டாங்க.”

“அப்ப இது யாரு வச்சது?”

எல்லோரும் போய்ப் பார்த்தோம். தாக்கும் துணியோடு வந்தார். பலகைக்கு அடியில், காற்றடிக்கும் கருவி வைக்கும் பள்ளத்தில், ஒரு முழுக் கருவாடு கிடந்தது. வாயைத் திறந்தபடி. உடம்பைச் சுற்றி வெள்ளை நூல், நெருக்கமாகவும் ஒழுங்காகவும் பக்தியோடு சுற்றியிருந்தது. மாமியார் கையில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று. ஒரே கடையில் வாங்கியதுபோல் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

“நீ வச்சியாடா?” என்றார் மாமியார்.

கிதே பள்ளத்தையே பார்த்தான். ஆம் என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். பிறகு இரவுகளில் பெட்டி பிரிக்கும்போது நான் இதை யோசித்ததுண்டு. ஒரு நிமிஷம் முந்தி ஆம் என்றிருந்தால் போதும். ஆனால் அவன் புத்திக்கு அது எட்டவில்லை. பெயிண்டைப் பற்றி என்ன கேட்டாலும் பதில் வைத்திருந்தவன் மீனுக்குப் பதில் வைத்திருக்கவில்லை.

“எனக்குத் தெரியாதும்மா, சத்தியமா. அவன் படையல் போட்டான்னு என்கிட்ட சொல்லவே இல்ல.”

“எவன்?”

அவன் பலகையை மூடப் போனான்.

“எவன்டா?” என்றேன் நான்.

அவன் வண்டியின் விளிம்பில் உட்கார்ந்தான். டையைத் தளர்த்தினான். சொன்னான். வண்டி முதலில் வேறொருவனுக்கு வந்தது. அவன் சரி சொல்லாமலே, தற்காலிக நம்பரில் வீட்டுக்குக் கொண்டுபோய் அன்றே படையல் போட்டிருக்கிறான். மறுநாள் வெயிலில் பார்த்துவிட்டுப் பின்கதவில் தூசி என்று திருப்பிவிட்டான். அந்தத் தூசி ஃபேக்டரியில் விழுந்ததுதான், அது பொய்யில்லை. கிதே அதைக் கிளையில் சொல்லவில்லை. வாங்கியவனுக்கு மனம் மாறிவிட்டது என்று சொல்லி மறைத்து, தெரிந்த பட்டறையில் கதவைத் தேய்த்து மறுபடி பெயிண்ட் அடித்தான். பட்டறைக்காரன் அவசரத்தில் அடித்தான். பழைய தூசி போய்ப் புதுத் தூசி வந்தது.

“வரிசைல அடுத்து மூணு பேர் இருந்தாங்க மாமா. மத்த ரெண்டு பேரும் ஆள் வச்சுப் பாக்கிறவங்க. நீங்க சொந்தம். பாக்கமாட்டீங்கன்னு நெனச்சேன்.”

“பாத்தா?”

“பாத்தாலும் வாங்கிக்குவீங்கன்னு நெனச்சேன். எப்பவும் வாங்கிக்கிறதுதானே.”

அதில் கிண்டல் இல்லை. உள்ளதைச் சொன்னான். அதனால்தான் காபிக் கோப்பையைக் கசக்கி அவன் மேல் எறிந்தேன். மிச்சமிருந்த காபி அவன் சட்டையில் கோடாக இறங்கியது.

மாமியாருக்கு என் கோபம் கண்ணில் படவே இல்லை. அவருக்கு வேறு கணக்கு. “வேத்து ஆம்பள கும்பிட்ட வண்டி” என்றார். “அவன் வீட்டுக் காவல வயித்துல வச்சுக்கிட்டிருக்கு. அதுக்கு மேல என் கையால ஊத்த வச்சியேடா, பாவி. இதுல என் பொண்ண ஏத்துவேனா? ஒரு தெரு தாண்டுமா இது?” கிதேயின் தோளில் கையிலிருந்த கருவாட்டாலேயே அடித்தார். நூல் அவிழ்ந்து தொங்கியது. “திருப்பு. இப்பவே திருப்பு.”

விளக்கடித்தேன், கெஞ்சினேன், பாட்டிலை இழுத்தேன். ஒன்றுக்கும் அசையாத குடும்பம் ஒரு காய்ந்த மீனுக்கு அசைந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. வண்டி திரும்பினால் சரி.

ஆனால் அதோடு முடியவில்லை. கிதே அழ ஆரம்பித்தான். பெரிய அழுகை, மூக்கு ஒழுகும் அழுகை. கிளைக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்றான். மறைத்ததற்கும் சேர்த்துப் போகும், இந்தத் தொழிலில் வேறு எந்தக் கம்பெனியும் சேர்க்காது என்றான். மாமியாரின் கை தாழ்ந்தது. கருவாட்டை மேசையில் வைத்தார். என் பக்கம் திரும்பியபோது முகம் வேறாக இருந்தது.

“மாப்ள. திருப்புறது நீங்கதானே. உங்களுக்கு மனசு மாறிடுச்சுன்னு சொல்லிடுங்க. பெயிண்ட்டப் பத்திப் பேச வேணாம்.”

“மனசு மாறிடுச்சுன்னா என்னை வரிசைல கடைசிக்குத் தள்ளுவாங்க. அடுத்த வருஷம்கூட வண்டி வராது.”

“வராட்டி என்ன? இவ்வளவு நாள் பஸ்லதானே போனீங்க?”

“இந்த வண்டிய இன்னொருத்தன் தலைல கட்டுவான்.”

“அது அவன் பாடு.”

போயங் என் அருகே வந்தாள். அன்று முதல் தடவையாக என் கையைத் தொட்டாள்.

“ஏங்க. மூணு வார்த்த. மனசு மாறிடுச்சு சார்னு சொன்னா உங்களுக்கு என்ன கொறஞ்சிடும்?”

“நீ கதவப் பாத்த. தொட்டும் பாத்த.”

“பாத்தேன்.”

“ஒண்ணும் தெரியலன்னு சொன்ன.”

“அவன் என் தம்பி.”

“நான்?”

அவள் என் கையை விட்டாள். நான் போனை எடுத்தேன். கிளையின் எண் ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்தே அதில் இருந்தது. கிதே எழுந்து வந்தான். தாக் அவன் குறுக்கே நின்றார். எனக்காக அல்ல, வண்டிக்குப் பக்கத்தில் கைகலப்பு வேண்டாம் என்று.

“அண்ணே, தள்ளுங்க” என்றான் கிதே.

“வண்டில கீறல் விழுந்தா யாரு குடுக்கிறது?” என்றார் தாக்.

எதிர்முனையில் மேலாளரே எடுத்தார். சோர்ந்த, மரியாதையான குரல். என் பெயரைச் சொல்லி, வண்டியை ஏற்கவில்லை என்றேன். அப்படியா, வருந்துகிறோம், காரணம் என்னவென்று குறித்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமியார் உதட்டை மட்டும் அசைத்து அந்த வார்த்தைகளை எனக்கு எடுத்துக்கொடுத்தார். போயங் கண்ணை மூடியிருந்தாள். மனசு மாறிடுச்சு என்று சொல்லியிருந்தால் இரவு சாப்பாட்டுக்கு மாமியார் வீட்டுக்குப் போயிருப்போம். பன்றித் தலையை நறுக்கி உப்பிட்ட இறாலோடு வைத்திருப்பார்கள். கிதே என் கோப்பையில் சோஜு சாராயம் ஊற்றி, மாமா மாதிரி உண்டா என்றிருப்பான். அடுத்த மாதம் அவனுடைய பழைய வண்டியை என்னிடம் தள்ளியிருப்பார்கள்.

அடுத்து அந்த வண்டியை வாங்கப்போகிறவன் மேல் எனக்கு அக்கறை என்று சொல்லமாட்டேன். அவன் யாரோ. எனக்கு அதை ஒரு தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

“பெயிண்ட் சார். இடப்பக்கப் பின்கதவு. ரெண்டாவது தடவை அடிச்சிருக்கு. முதல்ல வாங்கினவர் இதே கதவுக்காகத் திருப்பினது. உங்க ஆளுக்கு எல்லாம் தெரியும்.”

“எந்த ஆள்?”

“எனக்கு வித்தவர்.”

“அவர் அங்க இருக்காரா?”

“இருக்கார்.”

“போனை அவர்கிட்ட குடுங்க.”

நீட்டினேன். கிதே வாங்கிக் காதில் வைத்தான். ஆமாம் சார் என்றான். பிறகு இல்லை சார் என்றான். பிறகு நெடுநேரம் இடுப்பிலிருந்து வளைந்து வளைந்து, எதிரே யாரும் இல்லாத சுவருக்கு வணக்கம் வைத்தான். காபிக் கறைச் சட்டையோடு. முடிந்ததும் போனை என் கையில் தரவில்லை. பன்றித் தலைக்குப் பக்கத்தில் வைத்தான்.

“சந்தோஷமா மாமா?”

“இல்ல.”

“அப்ப எதுக்கு?”

போனை எடுத்துத் துடைத்தேன். அதில் பன்றிக் கொழுப்பு ஒட்டியிருந்தது.

“வெளிய போ” என்றார் மாமியார். கல்யாணம் ஆனதிலிருந்து நீங்க என்றே பேசியவர். “என் பிள்ள சோத்துல மண்ணப் போட்ட. போ. அந்தப் பக்கமே போ. என் வீட்டுப் படி ஏறாத.”

“போயங், வர்றியா?”

அவள் தம்பியின் சட்டையில் ஈரத் துணியை ஒற்றிக்கொண்டிருந்தாள். தாக் துடைத்துக்கொண்டிருந்த அதே துணி. தலையைத் தூக்காமலே, “நீங்க போங்க” என்றாள். பிறகு வருகிறேன் என்றாளா, அதோடு நிறுத்திக்கொண்டாளா என்று இன்னொரு நிமிஷம் நின்று காத்திருந்தேன். நிறுத்திக்கொண்டாள்.

என் ஜாக்கெட் தாக்கின் மேசைமேல் கிடந்தது. அவரே எடுத்து வந்து கொடுத்தார். பக்கவாட்டுக் கண்ணாடிக் கதவுவரை கூடவே வந்தார். வாசலில் நின்று, உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்.

“நான் அளந்தேன் சார், நீங்க வர்றதுக்கு முன்னாடியே. மத்த கதவவிட ரெண்டு மடங்கு கனம்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நாளைக்கு எனக்கு யாரு வண்டி அனுப்புவா?”

“நாளைக்கு அவனே வேலைல இருக்கமாட்டான்.”

அவர் அதை யோசித்தார். முகத்தில் கவலை வந்தது; எனக்கான கவலை அல்ல. வெளியே காற்று முகத்தில் அறைந்தது. நான் படி இறங்கியதும் அவர் கதவைச் சாத்தி, உள்ளிருந்து பூட்டினார்.